மரத்தடிச் சருகை மண்ணுக்கே விடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் புக்கிட் தீமா காட்டின் பசுமையைப் பார்ப்பவர்கள் அதன் மண் மிகவும் வளமானது என்றே எண்ணுவார்கள். உண்மையில், ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சத்துகளைக் கரைத்துக்கொண்டு போய்விடுவதால் அந்த மண் அமிலத்தன்மை மிக்கது. அதில் பாஸ்பரசும் குறைவு. உதிரும் இலைகளைப் பூஞ்சைகளும் கறையான்களும் மட்கச் செய்ய, அவற்றிலிருந்து வெளிப்படும் சத்தை மேல்மண்ணில் படர்ந்திருக்கும் வேர்கள் விரைந்து உறிஞ்சிக்கொள்வதாலேயே காடு செழிக்கிறது.

அச்சுழற்சி அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் தீவே சான்று. 19ஆம் நூற்றாண்டில் காட்டை அழித்து, தோல் பதனிடப் பயன்படும் கேம்பியர் செடியும் மிளகும் பயிரிட்டவர்கள், மண் வளம் இழந்ததும் நிலத்தைக் கைவிட்டுச் சென்றனர். கென்ட் ரிட்ஜ் போன்ற இடங்களில், சத்தில்லாத மண்ணையும் தாங்கும் தியுப் தியுப், சிம்போ ஆயர் முதலிய மரஞ்செடிகளும், பூச்சிகளைப் பிடித்துத் தழைச்சத்தைப் பெறும் குடுவைச் செடிகளும் வளர்வது அதனால்தான். அவையும் நம் இயற்கைச் செல்வமே என்றாலும், பழைய பெருங்காடு அங்கு இன்னும் திரும்பவில்லை.

2030க்குள் ஒரு மில்லியன் மரங்களை நடும் இயக்கத்தை மனமார வரவேற்கிறேன். ஆனால், குடியிருப்புப் பேட்டைகளில் மரத்தடிச் சருகுகளைக் கூட்டி அள்ளிப் பைகளில் கட்டி அகற்றுவதைக் காணும்போது, அந்த மரங்களின் உணவையே பறிக்கிறோமே என்று மனம் வருந்துகிறது. கொசு பெருகும் என்ற அச்சம் நியாயமானதே. வடிகால்களில் சருகு சேரக் கூடாது. மரத்தடியில் மட்டுமாவது அதை மெல்லிய போர்வையாக விட்டுவைக்க நகர மன்றங்கள் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஜூரோங் வெஸ்ட் வாசகர்