பாக்குவெட்டிக்காரனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள முத்து,

ஹைதராபாத் வந்து பத்து நாளாகிறது. பேத்திக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, என் முழங்கால் வலிதான் விடவில்லை. மற்றபடி சௌக்கியம்.

'எனக்குப் பிறகு இந்தப் பாக்குவெட்டிகளை யார் வைத்துக்கொள்வார்கள்' என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். நேற்று சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்குப் போனேன். சேர்த்து வைப்பதில் உன்னையும் மிஞ்சிய ஒருவர் அகப்பட்டார்.

மூன்றாம் சாலார் ஜங், மீர் யூசுப் அலி கான். 1889-ல் பிறந்து சில வாரங்களிலேயே தகப்பனாரை இழந்தவர். தாத்தா, அப்பா இருவருமே ஹைதராபாத் மன்னர் நிஜாமின் திவான்கள், அதாவது தலைமை அமைச்சர்கள். இவரும் 1912-ல், 23 வயதில் திவான் ஆனார். இரண்டே வருடத்தில் பதவியை விட்டுவிட்டார். அப்புறம் சாகும்வரை வாங்கினார், வாங்கினார், வாங்கிக்கொண்டே இருந்தார். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. பாரசீகக் கம்பளம், சீனப் பீங்கான், ஓலைச்சுவடி, ஓவியம் எல்லாம் சரி. கைத்தடிகளும் பொம்மைச் சிப்பாய்களும்கூட இருக்கின்றன! எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனதே அந்த இடத்தில்தான். உயர்ந்தது, மட்டம் என்று பார்க்காமல் மனசுக்குப் பட்டதை வாங்கியிருக்கிறார்.

ஒரே ஆள் சேர்த்தது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அது முழுக்கச் சரியில்லை. பைபிளில் வரும் ரெபெக்காவின் முக்காடிட்ட சிலையை 1876-ல் ரோமில் வாங்கியவர் இவருடைய தாத்தா. பென்சோனி என்ற இத்தாலியச் சிற்பி செதுக்கியது. அத்தனையும் பளிங்கு, ஆனால் முகத்தின் மேல் ஈரத்துணி ஒட்டிக் கிடப்பது போலவே இருக்கிறது. மூக்கும் உதடும் அதற்குள்ளே தெரிகின்றன. கை நீட்டித் துணியை விலக்கிப் பார்க்கத் தோன்றியது. காவலாளி முறைத்தார், நகர்ந்துவிட்டேன்.

கூட்டமெல்லாம் கடிகாரத்தின் முன்னால்தான். ஒரு குட்டிக் கொல்லன் நொடிக்கு நொடி சுத்தியல் போட்டுக்கொண்டே இருக்கிறான். மணியாகும் நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு ஒரு தாடிக்காரப் பொம்மை வந்து மணி அடித்துவிட்டு உள்ளே போய்விடுகிறது. இதற்காகப் பன்னிரண்டு மணிக்கு நூறு பேர் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டு அடி பார்க்கலாமே என்ற கணக்குதான்.

உன் கேள்விக்கு வருகிறேன். 1949-ல் அவர் இறந்தபோது நேர் வாரிசு இல்லை. உரிமை கேட்டு உறவுக்காரர்கள் வந்தார்கள். அதற்கிடையிலேயே 1951 டிசம்பரில் அவர் வாழ்ந்த திவான் தேவ்டி மாளிகையிலேயே அருங்காட்சியகம் ஆகி, நேரு திறந்துவைத்தார். 1958-ல் நீதிமன்றத்தில் சமரசம் பேசி, உறவினர்கள் எல்லாவற்றையும் இந்திய அரசுக்கு விட்டுக்கொடுத்தார்கள். 1961-ல் நாடாளுமன்றச் சட்டம், 1968-ல் மூசி ஆற்றங்கரையில் இப்போதுள்ள கட்டடம். சேர்த்தவர் ஒருவர், தானம் செய்த கை வேறு. அந்த உறவினர்களைப் பற்றி யார் பேசுகிறார்கள், சொல்.

அதனால் உன் பிள்ளைகளை இப்போதே திட்டாதே. முதலில் ஒவ்வொரு பாக்குவெட்டியிலும் நூல் கட்டி, எங்கே, யாரிடம், எத்தனை ரூபாய்க்கு வாங்கினாய் என்று சீட்டு எழுதி வை. உனக்கே பாதி மறந்துபோயிருக்கும்.

தையில் ஊருக்கு வருகிறேன். அந்தக் கிளிமூக்குப் பாக்குவெட்டியை மட்டும் தனியாக எடுத்து வை. அது என் அத்தை வீட்டுச் சாமான். நீ விலை கொடுத்து வாங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அன்புடன்,
ராமு