மாப்ள, அந்த வெளிமான் விஷயம்

மாப்ள,

உன் வாய்ஸ் மெசேஜ் மூணையும் கேட்டேன், ஒரு தடவ இல்ல, நாலஞ்சு தடவ. உடனே பதில் போடலன்னு வருத்தப்படாத, ரெண்டு வரில சொல்லி முடிக்கிற விஷயமா எனக்குத் தெரியல, அதான் எல்லாரும் படுத்தப்பறம் அடுப்புப் பக்கத்துல உக்காந்து டைப் பண்றேன். பூம்பாறைக் குளிரு உனக்குத் தெரியாததா, வெரலு வெரச்சுப் போகுது.

வீட்டுல எல்லாரும் நல்லாருக்கோம். அம்மாவுக்கு முட்டிவலி ஜாஸ்தி, ஆனாலும் குழந்தை வேலப்பர் தேருக்கு நடந்துதான் வருவேன்னு பிடிவாதம் பிடிச்சு வந்தாங்க. பூண்டு எடுத்தாச்சு, கட்டு கட்டி மேல தொங்கவிட்டு பொகை போட்டிருக்கோம், வீடு பூரா அந்த வாசந்தான். 2019ல புவிசார் குறியீடு கெடச்சதுல இருந்து மலைப்பூண்டுன்னு பேர் சொல்லிக் கேட்டு வாங்குறவங்க இருக்காங்க. கேரட்லதான் பாதிய பன்னி தோண்டிருச்சு.

சரி, நீ கேட்டதுக்கு வர்றேன். ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவங்க டெக்சாஸ்ல ஒரு ராஞ்சுக்கு, அதான் பெரிய பண்ணைக்கு, வேட்டையாடக் கூப்பிடுறாங்க, சுத்தி எட்டடி வேலி, உள்ள நம்ம ஊரு வெளிமான், அதான் பிளாக்பக், கொம்பு நீளத்துக்குத் தக்கன காசு, மான் கெடைக்கலேன்னா காசே தர வேணாம், லைசென்ஸ் எடுத்துட்டா சட்டப்படியும் தப்பில்ல. "உங்க தாத்தாவே வேட்டைக்காரர்தானடா, நீ என்ன சொல்ற"ன்னு கேட்டிருந்த.

போகாத மாப்ள. அத மொதல்லயே சொல்லிர்றேன்.

உயிரக் கொல்றதே பாவம்னு நான் சொல்லல, அப்படிச் சொல்ற யோக்கியத எனக்கில்ல, நம்ம வீட்டுல கறி திங்காத வாரம் உண்டா? தாத்தா வேட்டைக்குப் போனவருதான். அவரு கூட அலஞ்ச பெரியவரு ஒருத்தரு மன்னவனூர்ல இன்னமும் இருக்காரு, போன மாசம் போய்ப் பாத்தேன். அவரு சொன்னது, உங்க தாத்தா அஞ்சு தடவ போனா நாலு தடவ வெறுங்கையோடதான் திரும்புவாரு, வீட்டுல யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க, ஏன்னா அதுதான் வழக்கம். தண்ணிக்கு வர்ற எடத்துல சுடக்கூடாது, உப்புமண்ணு நக்க வர்ற எடத்துல சுடக்கூடாது, குட்டியோட இருந்தா துப்பாக்கிய எறக்கிறணும். இதெல்லாம் யாரும் எழுதி வச்ச சட்டமில்ல, மீறுனா ஊருல மூஞ்சில முழிக்க முடியாது, அவ்ளோதான். 1972ல வன உயிரினச் சட்டம் வந்தப்பறம் தாத்தா துப்பாக்கிய ஸ்டேஷன்ல கொண்டுபோய்க் கொடுத்தவரு, அதுக்கப்பறம் காட்டுக்குள்ள வெறகுக்குக்கூட போகலயாம். அது எனக்கு இத்தன வருசமா தெரியாது.

அந்தப் பெரியவருதான் கண்ணப்பர் கதைய எடுத்தாரு. கண்ணப்பரோட மொத வேட்டையப் பாடுறப்ப சேக்கிழார் தெளிவா சொல்றாரு, யானைக்கன்ன வெரட்ட மாட்டாங்க, சின்னக் குட்டிகளக் கொல்ல மாட்டாங்க, சினையா தளந்து நடக்குறத தொட மாட்டாங்கன்னு. இதுல நான் யோசிச்ச இன்னொண்ணு இருக்கு. அங்கயும் காட்டச் சுத்தி வலை கட்டித்தான் வேட்டைய ஆரம்பிக்கிறாங்க, அதாவது அதுவும் ஒருவகைல வேலிதான், அத மறைக்க வேணாம். ஆனா ஒரு பன்னி அந்த வலைய அறுத்துட்டு ஓடுது பாரு, அதுக்குப் பின்னாடி கூட்டத்த விட்டுட்டு ரெண்டே பேரோட அவரு ஓடுறாரு, அது களச்சுப் போய் ஒரு மரத்தடில நிக்கிற வரைக்கும் ஓடுறாரு, அந்த ஓட்டந்தான் அவர காளத்திமலைல கொண்டுபோய் விடுது. வலை அறுந்துச்சு, அதனால கதை நடந்துச்சு. அறுக்கவே முடியாத வலையா இருந்திருந்தா அன்னிக்குக் கறியோட வீட்டுக்குப் போயிருப்பாரு.

இப்ப நான் என் கண்ணால பாத்தத சொல்றேன், இதச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுறேன்.

நம்ம தோட்டத்துக்கு மேக்கால பக்கம் ரெண்டு ஏக்கர ஒரு வெளியூர்க்காரர் வாங்கி செயின்லிங்க் வேலி போட்டு காட்டேஜ் கட்டியிருக்காரு. ஒருநாள் ராத்திரி கேட் தெறந்து கெடந்திருக்கு, ஒரு பொட்டக் கடமான் உள்ள வந்துருச்சு, வாட்ச்மேன் அது தெரியாம கேட்டச் சாத்திட்டு படுத்துட்டாரு. காலைல ஆறு மணிக்கு சத்தங்கேட்டுப் போனேன். வேலி ஓரமா, வேலிய ஒட்டி, நாலு பக்கமும் புல்லு செத்து சேறா ஒரு தடம் விழுந்திருந்துச்சு மாப்ள, ராத்திரி முழுக்க அது அந்த வேலியவே சுத்திச் சுத்தி நடந்திருக்கு. மூக்குத் தோலு உரிஞ்சு ரத்தம், கம்பில முடி அப்பிக் கெடக்கு. கண்ணுக்குக் கீழ கடமானுக்கு ஒரு குழி இருக்கும்ல, பயந்தா அது அப்படியே வாய் மாதிரி தெறந்துக்கும், அது தெறந்தே இருந்துச்சு, மூடவே இல்ல. நாங்க நின்ன எடத்துக்கும் அதுக்கும் முப்பதடி இருந்தா அதிகம். அங்க தங்கியிருந்த ஒருத்தர் போன்ல வீடியோ எடுத்துக்கிட்டே "துப்பாக்கி இருந்தா இங்கருந்தே போட்டுரலாம்"னு சொன்னாரு. அவரு கெட்டவரு இல்ல, சும்மா வாய்ல வந்தத சொன்னாரு, ஆனா எனக்கு வயித்தக் கலக்கிருச்சு, ஏன்னா அவரு சொன்னது உண்மை, கொழந்தகூட சுட்டுரும்.

பாரஸ்ட் கார்டு வந்து கேட்டத் தெறந்துட்டு எல்லாரையும் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போகச் சொன்னாரு. தெறந்த கேட்ட அது ரெண்டு தடவ தாண்டித் தாண்டி நடந்துச்சு, வெளிய போகத் தெரியல, அவ்வளவு பெரிய வழி கண்ணுக்கு முன்னாடி இருந்தும் கம்பியத்தான் பாத்துச்சு. ரெண்டு மணி நேரம் கழிச்சுதான் போச்சு. போனப்பறம் சோலைக்குள்ள இருந்து ஒரே ஒரு தடவ கத்துச்சு. அந்தச் சத்தம் கேட்டப்பறந்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

நீ போற எடத்துல ரெண்டு ஏக்கரா இருக்காது, நூத்துக்கணக்குல ஏக்கர் இருக்கும், ஆயிரம்கூட இருக்கும், வேலியே கண்ணுல படாதுன்னு சொல்லுவாங்க. பெருசா இருந்தா அதுல ஒளிய எடம் இருக்கும், அத ஒத்துக்கறேன், எல்லா ராஞ்சும் ஒண்ணு இல்ல. ஆனா டைமர் வச்ச தீனிப்பொட்டில சோளம் கொட்டுற நேரத்துக்கு மான் வந்து நிக்கப் பழகியிருக்கு, நீங்க எதுக்கால மறைவுல உக்காந்திருப்பீங்க. இது அந்தப் பெரியவரு சொன்ன, தாத்தா சுடாத, தண்ணிக்கு வர்ற எடம் மாதிரிதானடா. அதுவும் வெளிமான்! நம்ம காலேஜ் படிக்கிறப்ப கோடியக்கரைல பாத்தோமே, அந்தத் தட்டையான வெளில நம்ம வண்டி நின்ன சத்தத்துக்கே கூட்டம் பூரா எந்திரிச்சு எகிறி எகிறி ஓடுச்சே, நீதான "டேய் பறக்குதுடா"ன்னு கத்துன. அந்த மானுக்கு கண்ணும் காலுந்தான் காவல், தூரத்துலயே பாத்துட்டு ஓடிரும். 1932ல அத டெக்சாஸுக்குக் கொண்டுபோனாங்க, இப்ப அங்க ஆயிரக்கணக்குல இருக்கு, இங்க தமிழ்நாட்டுல அது இருக்குற எடத்தையே கிண்டி, கோடியக்கரை, வல்லநாடு, மோயாறுன்னு வெரல் விட்டு எண்ணிரலாம்.

வேட்டை இருக்கறதாலதான் அங்க மான் பெருகுச்சுன்னு உன் பிரண்டு சொன்னானே, அதுல உண்மை இல்லாம இல்ல. ஆப்பிரிக்கால காட்டுல ஒரு கட்டத்துல முழுசா அழிஞ்சுபோன வளஞ்ச கொம்பு ஓரிக்ஸ்ங்கற மான் டெக்சாஸ் பண்ணைகள்ல ஆயிரக்கணக்குல உசுரோட இருக்கு, அத ஒண்ணுமில்லன்னு தள்ள முடியாது. ஆனா அதே வழியில போய்த்தான தென்னாப்பிரிக்கா சிங்கம் அந்த நெலைமைக்கு வந்துச்சு. குட்டில தாய்கிட்ட இருந்து பிரிச்சு டூரிஸ்டு மடில வச்சு போட்டோ, வளந்தப்பறம் வேலிக்குள்ள விட்டு காசு கொடுத்தவன் சுடுறது. மனுசன் கையால சாப்பிட்டு வளந்த சிங்கம், ஜீப்பப் பாத்தா ஓடுமா, சாப்பாடு வருதுன்னு கிட்டல்ல வரும். அந்தச் சிங்கத்தோட தலையும் தோலும் உள்ள வர 2016ல அமெரிக்காவே தடை போட்டுச்சு, 2021ல தென்னாப்பிரிக்கா அரசும் இத நிறுத்தப் போறோம்னு அறிவிச்சுச்சு.

இன்னொண்ணு, இது ஏதோ நம்ம ஊரு சென்டிமென்ட்டுன்னு நெனைக்காத. உங்க ஊரு வேட்டைக்காரங்களே, மிருகத்துக்குத் தப்பிக்க வழி இருக்கணும், அதான் ஃபேர் சேஸ்னு சொல்லி நூறு வருசத்துக்கு மேல சண்ட போட்டுக்கிட்டு இருக்காங்க. பின்னாடி அமெரிக்க ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட்டும் அவரு கூட்டாளிகளும் 1887ல ஆரம்பிச்ச பூன் அண்ட் க்ராக்கெட் கிளப், தப்பிக்க முடியாத வேலிக்குள்ள சுட்ட கொம்ப அவங்க ரெக்கார்டுல சேக்கவே மாட்டாங்க. 1902ல மிசிசிப்பில ஒரு கரடியக் கட்டிப்போட்டு சுடுங்கன்னு சொன்னப்ப ரூஸ்வெல்ட் முடியாதுன்னுட்டாரு, டெட்டி பேர் பொம்ம வந்ததே அதுலதான். ஆனா அந்தக் கரடி ஏற்கனவே குத்துயிரா கெடந்ததால அத வேதனப்படாம முடிச்சிருங்கன்னும் அவருதான் சொன்னாரு, பொம்மை விக்கிறப்ப இத யாரும் சொல்றதில்ல. மொன்டானால 2000ல மக்களே ஓட்டுப் போட்டு வேலிக்குள்ள காசு வாங்கி சுட விடுறத நிறுத்துனாங்க.

கேரட்டு தோண்டுன பன்னி மேல எனக்குக் கோவம் இல்லயான்னு கேப்ப. இருக்கு. காட்டுல இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால வர்ற பன்னிய வனத்துறை ஆளுங்களே சுடலாம்னு 2025ல அரசு சொல்லிருக்கு, நம்ம தோட்டம் காட்ட ஒட்டி இருக்கறதால நமக்கு அது ஒதவாது. அவுட்டுக்கா, அதான் தீனிக்குள்ள மறச்சு வைக்கிற வெடி, வைக்கலாம்னு ஒருத்தன் வந்தான், வாய் கிழிஞ்சு பத்து நாள் பட்டினி கெடந்து சாகுற வேலைய என் மண்ணுல செய்யாதன்னு அனுப்பிட்டேன். பயிருக்காக ஒண்ணச் சுடுறது வேற, வயித்துக்காகத் தேடிப் போறது வேற, இதுல எதுலயுமே நீ சேரல மாப்ள, உனக்கு அங்க வேணுங்கறது ஒரு போட்டோ.

கூட வேலை பாக்குறவங்க மனசு கோணக் கூடாதுன்னா கூடப் போ, துப்பாக்கி மட்டும் தொடாத. போனா அந்த ராஞ்சுக்காரர்கிட்ட ரெண்டு விஷயம் கேளு, அந்த மான் அங்கயே பொறந்ததா இல்ல போன வாரம் வண்டில வந்து எறங்குனதா, அப்பறம் வேலி ஓரமா நடந்து பாத்து தடம் விழுந்திருக்கான்னு எனக்கு எழுது.

உன் மச்சினன் 14ஆம் தேதி கெளம்புறாராமே, அவருகிட்ட ரெண்டு கிலோ பூண்டு கொடுத்து விடுறேன், பொகை நல்லா ஏறுனதா பாத்து எடுத்து வச்சிருக்கேன், பிரிட்ஜ்ல வைக்காத, கயித்துல கட்டித் தொங்கவிடு. அம்மா உன்னக் கேட்டாங்க. ஜூன்ல லீவு கெடச்சா வா.

உன் மாப்ள,
பூம்பாறையில இருந்து