முதல் 14 இரவுகள்: எங்கள் பகுதிப் பொலிஸ் பொறுப்பதிகாரிக்கும் சிவில் பாதுகாப்புக் குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

பொறுப்பதிகாரி ஐயாவுக்கும், குழுவில் இருக்கும் எங்கள் ஊரவர்களுக்கும் வணக்கம்.

பெரியம்மா வீட்டில் கள்ளர் இரண்டு தரம் வந்தார்கள். முதல் தரம் குசினிக் கதவின் கொண்டியை நெம்பி உள்ளே வந்து, அலுமாரியில் இருந்த சங்கிலியையும் ஒரு சோடிக் காப்பையும் கொண்டு போனார்கள். காலையில் முறைப்பாடு கொடுத்தோம். பொலிஸார் வந்தார்கள், கைரேகை எடுத்தார்கள், எழுதினார்கள், போனார்கள். ஒன்பதாம் நாள் அதே ஒழுங்கையில் மூன்று வீடு தள்ளி இன்னொரு வீடு; அங்கேயும் குசினிக் கதவு, அங்கேயும் கொண்டிதான். அதற்கு ஐந்து நாள் கழித்துத் திரும்பவும் பெரியம்மா வீடு.

தச்சர் நாளை வருகிறேன், நாளை வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்ததில் அந்தக் கதவு திருத்தப்படாமலே கிடந்தது. பெரியம்மா இரவில் அம்மிக்குழவியை உருட்டி வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுப்பார். அதை மெல்ல மெல்லத் தள்ளித் திறந்திருக்கிறார்கள். குழவி நகர்ந்த கோடு சீமெந்துத் தரையில் இன்னும் வெள்ளையாக இருக்கிறது. இந்த முறை காஸ் சிலிண்டரும், கிணற்றடித் தண்ணீர் மோட்டரும் போயின. முதல் இரவு கண்டுவைத்துவிட்டுத் தூக்கிப்போக முடியாமல் விட்டவை அவை என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஊரில் எல்லாரும் ‘அவவுக்குக் காலம் சரியில்லை’ என்றார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை, தேடிப் படித்தேன். களவு போன வீட்டில் மறுபடியும் களவு போவதும், பக்கத்து வீடுகளுக்கு அது பரவுவதும் உலகில் பல இடங்களில் அளந்து பார்க்கப்பட்ட விசயம். கனடாவின் சஸ்கட்டூன் நகரில் 1980களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஒரு மாதத்துக்குள் இரண்டாம் தரம் உடைக்கப்பட்ட வீடுகளில் பாதியளவு, முதல் களவு நடந்து ஏழு நாளுக்குள்ளேயே உடைக்கப்பட்டிருந்தன. 2007 இல் வெளிவந்த ஓர் ஆய்வு 5 நாடுகளில் 10 இடங்களின் பதிவுகளை எடுத்து, தொற்றுநோய் பரவுவதைக் கண்டறியும் முறையாலேயே களவையும் ஆராய்ந்தது. ஒரு வீடு உடைக்கப்பட்டால் சுற்றியுள்ள 200 மீற்றருக்குள் இருக்கும் வீடுகளுக்குக் குறைந்தது இரண்டு வாரத்துக்கு ஆபத்து கூடியிருக்கிறது என்பது எல்லா இடத்திலும் தெரிந்தது. 200 மீற்றர் என்றால் எங்கள் ஊரில் ஒழுங்கை தொடங்கும் இடத்திலிருந்து வைரவர் கோவிலடி வரைதான்.

ஏன் இப்படி என்பதற்கு இரண்டு விளக்கம் சொல்கிறார்கள். வீடு எப்போதுமே பலவீனமாக இருக்கலாம்: பின்மதில் விழுந்திருக்கும், பின்னால் பற்றை மூடிய வெறுங்காணி இருக்கும், வீட்டுக்காரர் கனடாவில் இருப்பார். மற்றது, ஒருதரம் வந்தவனுக்கு அந்த இடம் பழகிவிடுகிறது. நாய் எங்கே படுக்கும், எந்த வீட்டில் வயோதிபர் மட்டும் இருக்கிறார்கள், ஒழுங்கையின் மறுபக்கம் எங்கே திறக்கும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்துபோகிறது. எங்கள் ஒழுங்கையில் இரண்டும் சேர்ந்தே நடந்தது.

சரி, இதற்கு என்ன செய்யலாம்? இங்கிலாந்தில் ரொச்டேல் நகரத்துக் கேர்க்கோல்ற் குடியிருப்பில் 1980களின் நடுவில் தொடங்கிச் செய்து காட்டியிருக்கிறார்கள். களவு போன வீட்டின் கதவு யன்னலை உடனே பலப்படுத்தினார்கள், காசு போட்டு மின்சாரமும் எரிவாயுவும் எடுக்கும் பெட்டிகளைக் கள்ளர் உடைத்ததால் அவற்றை அகற்றினார்கள், சுற்றியுள்ள ஆறேழு வீட்டாரை அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மூன்று ஆண்டில் அங்கே வீடுடைப்பு ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகக் குறைந்தது. எங்களிடம் காசுப் பெட்டி இல்லை, ஆனால் ஆறேழு வீட்டார் இருக்கிறார்கள்.

ஆகவே ஐயா, நான் கேட்பது ஊர் முழுக்க, வருடம் முழுக்க ரோந்து இல்லை. அதற்கு உங்களிடம் ஆளும் இல்லை, வாகனமும் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். முறைப்பாடு எழுதிய அன்றிலிருந்து 14 இரவுகளுக்கு அந்த ஒழுங்கையை மட்டும் ரோந்து வழியில் சேருங்கள். பிறகு அந்த ஆட்களை எடுத்து அடுத்த களவு நடந்த இடத்துக்குப் போடுங்கள். குழுவில் இருப்பவர்கள் அன்று மாலைக்குள்ளேயே கிராம அலுவலரிடமும் சுற்றியுள்ள வீடுகளிலும் சொல்லுங்கள்: எந்தப் பக்கத்தால் வந்தார்கள், எதை உடைத்தார்கள், எத்தனை மணியளவில். இவ்வளவு போதும். எத்தனை பவுண் போனது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பயந்துதான் எங்கள் வீட்டாரும் முதல் தரம் அயலவரிடம் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் வீட்டு அக்கா பின்பு என்னிடம், ‘கொண்டியைத்தான் நெம்பினவங்கள் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் அண்டைக்கே ஒரு பூட்டுப் போட்டிருப்பனே’ என்றார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன், யாரோ ஒரு பொடியனைச் சந்தேகத்தில் பிடித்துக் கட்டி வைத்து அடிக்க நான் ஆள் சேர்க்கவில்லை. அப்படி நடந்தால் நான் அந்தப் பொடியன் பக்கம்தான் நிற்பேன். வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகளுக்கும் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று குழுவுக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே களவு நடந்ததே ஒரு மாதம் கழித்து யாராவது வந்து பார்க்கும்போதுதான் தெரியவரும், அதற்குள் 14 இரவுகளும் போய்விடும்.

நல்லூர்த் திருவிழா நெருங்குகிறது. 25 நாளும் பின்னேரங்களில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். அதற்கு முன்பாக, இந்த மாதம் உங்களிடம் முறைப்பாடு கொடுத்த வீடுகளுக்கு நாளைக்கே ஒருவரை அனுப்பி, உடைத்த கதவு இன்னும் திருத்தாமல் கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தச்சர் கிடைக்காத வீடு இருந்தால் எங்கள் சனசமூக நிலையத்துக்கு அறிவியுங்கள், கூலியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.