‘சோள மாவு ஒரு ஸ்பூன்’ என்றால் எந்த மாவு, எந்த ஸ்பூன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடியிலும் மேலும் ஓட்ஸ் உதிரிக் கலவை, நடுவில் பழம் என்று வீட்டிலேயே பேக் செய்து துண்டு போடும் ‘பார்’ இனிப்புக் குறிப்புகள் சமையல் பக்கங்களில் அடிக்கடி வருகின்றன. ‘யார் வேண்டுமானாலும் செய்யலாம்’ என்றுதான் ஆரம்பமே. எளிதான பண்டம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் குறிப்பை வரிக்கு வரி பின்பற்றினாலும் ஒன்று அடி நனைந்து களியாகிறது, இல்லாவிட்டால் வெட்டும்போதே பொலபொலவென்று உதிர்கிறது. பழி கைப்பக்குவத்தின் மேல் விழுகிறது. தவறு பெரும்பாலும் குறிப்பில் உள்ள சொற்களில்தான் இருக்கிறது.

‘சோள மாவு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சோளத்தை அரைத்தாலும் சோள மாவு, மக்காச்சோளத்தை அரைத்த மஞ்சள் மாவும் சோள மாவு. பழக்கலவை கெட்டிப்படத் தேவையானது இவை அல்ல, கார்ன்ஃப்ளார். அது மக்காச்சோளத்தின் ஸ்டார்ச் (மாவுச்சத்து) மட்டும்: வெள்ளைவெளேரென்று இருக்கும், விரலிடுக்கில் நசுக்கினால் கறகறவென்று சத்தம் வரும். மஞ்சள் மாவைப் போட்டால் பழம் நறநறக்குமே தவிர சரியாக இறுகாது. ‘சர்க்கரை’யும் அப்படித்தான். சிலருக்கு அது வெள்ளைச் சீனி, சிலருக்கு நாட்டுச் சர்க்கரை. இந்தப் பாருக்கு நாட்டுச் சர்க்கரையோ பிரவுன் சுகரோ பொருந்தும். அதில் உள்ள ஈரம் உதிரிக் கலவையைப் பிடித்து வைக்கும். வெறும் சீனி போட்டால் பார் பிஸ்கட் மாதிரி மொறுமொறுக்கும். ‘ஸ்பூன்’ இன்னும் மோசம். தேக்கரண்டி 5 மில்லி, மேசைக்கரண்டி 15 மில்லி. சமையல் சோடாவில் இந்த மூன்று மடங்கு பிசகினால் சோப்பு வாடை அடிக்கும்.

‘கப்’ பற்றி ஒரு வார்த்தை. 240 மில்லி அளவுக் கப்பில் மைதாவைத் தளர்வாக நிரப்பினால் சுமார் 125 கிராம். கப்பையே மாவுக்குள் விட்டு அழுத்தி எடுத்தால் 150 கிராமுக்கும் வரும். அந்த 25 கிராம்தான் உதிர்வதற்கு முதல் காரணம்: வெண்ணெய் அதே அளவு, மாவு மட்டும் கூடிவிட்டது. ஆகவே எல்லாவற்றையும் கிராமில் தருகிறேன்.

20 செ.மீ. சதுரத் தட்டுக்கு: ஓட்ஸ் 150 கிராம், மைதா அல்லது கோதுமை மாவு 130, நாட்டுச் சர்க்கரை 100, உருக்கிய வெண்ணெய் 115, உப்பும் சமையல் சோடாவும் தலா கால் தேக்கரண்டி. இவை எல்லாம் கலந்ததுதான் உதிரிக் கலவை. உப்பு வெண்ணெய் என்றால் தனியாக உப்பு வேண்டாம். கோதுமை மாவு கொஞ்சம் அதிகமாக உறிஞ்சும். கலவை காய்ந்தாற்போல் இருந்தால் ஒரு தேக்கரண்டி பால் போதும். உள்ளே வைக்க, பொடியாக நறுக்கிய பழம் 350 கிராம், சர்க்கரை 50, கார்ன்ஃப்ளார் ஒரு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி.

தட்டின் அளவைப் பல குறிப்புகள் சொல்வதே இல்லை. 20 செ.மீ. சதுரம் என்பது 400 சதுர செ.மீ. பரப்பு. சதுரத் தட்டு இல்லாதவர்கள் 23 செ.மீ. வட்டக் கேக் டின்னை எடுக்கலாம், பரப்பு ஏறத்தாழ அதேதான். 23-க்கு 33 செ.மீ. பெரிய தட்டில் பரப்பினால் பரப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பு. பார் தகடாகிக் காய்ந்துவிடும்.

ஓட்ஸிலும் ரகம் பார்க்க வேண்டும். கெட்டி அவல் போல இதழ் இதழாக இருக்கும் ரோல்டு ஓட்ஸ்தான் சரி. பொடியாக இருக்கும் இன்ஸ்டன்ட் ஓட்ஸ் வெண்ணெயைக் குடித்துக் கூழாகும். ஸ்டீல் கட் ஓட்ஸ் அரை மணி நேரத்தில் வேகாது, பல்லில் கடிபடும்.

இனி பழம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வேகவைக்காத பழத்தை அப்படியே பரப்பினால் அது விடும் தண்ணீரெல்லாம் அடி மாவுக்குள் இறங்கும். பழத்தையும் சர்க்கரையையும் முதலில் அடுப்பில் வைத்துச் சுண்டவிட வேண்டும். ஆப்பிளுக்கு மட்டும் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு மிருதுவாகும்வரை மூடி வேகவிடலாம். அன்னாசிக்குத் தண்ணீரே வேண்டாம், பத்துப் பன்னிரண்டு நிமிடம் திறந்தே கொதிக்கட்டும். கார்ன்ஃப்ளாரும் ஒன்றரை மேசைக்கரண்டி ஆகும். பழுத்த மாம்பழத்துக்குச் சர்க்கரையைப் பாதியாக்குங்கள். பேரீச்சை என்றால் 250 கிராமுக்கு 180 மில்லி தண்ணீர் விட்டு மசித்தால் போதும், சர்க்கரையும் கார்ன்ஃப்ளாரும் தேவையில்லை. தர்ப்பூசணியை இதற்குள் கொண்டுவராமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

கார்ன்ஃப்ளாரை இரண்டு பங்கு குளிர்ந்த தண்ணீரில் கரைத்து ஊற்றி, குமிழி வெடித்துக் கொதித்தபின் ஒரு நிமிடம் கிளறுங்கள். கொதி வராமல் இறக்கினால் அது முழுதாக இறுகாது, பச்சை மாவு ருசியும் போகாது. கரண்டியால் பாத்திரத்தின் அடியில் ஒரு கோடு இழுத்தால், அது இரண்டு விநாடி மூடாமல் நிற்க வேண்டும். எலுமிச்சைச் சாறு இறக்கிய பிறகுதான்; புளிப்போடு நெடுநேரம் கொதித்தால் ஸ்டார்ச்சின் பிடிப்புத் தளர்ந்துவிடும்.

தட்டின் இரு பக்கமும் வெளியே நீளும்படி பேக்கிங் தாள் விரியுங்கள். மெழுகு பூசிய தாள் ஓவனுக்கு ஆகாது. உதிரிக் கலவையில் மூன்றில் இரண்டு பங்கை, அதாவது 330 கிராமை, டம்ளரின் அடிப்பாகத்தால் நன்றாக அழுத்திப் பரப்பவும். 180 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றிய ஓவனில் நடுத்தட்டில் 12 நிமிடம். இந்த முன்வேக்காட்டைத் தவிர்த்தால் அடி களியாவது ஏறக்குறைய நிச்சயம். பிறகு பழத்தை ஓரத்தில் அரை செ.மீ. விட்டுப் பரப்பி, மீதிக் கலவையை அழுத்தாமல் தூவி இன்னும் 30 நிமிடம். விசிறி ஓடும் கன்வெக்ஷன் ஓவன் என்றால் 160 டிகிரி போதும். வெறும் மைக்ரோவேவ் முறையில் மேல்பகுதி சிவக்காது.

‘பொன்னிறமாகும்வரை’ என்ற வரியை அச்சிடாமல் விட்டால் புண்ணியம். நாட்டுச் சர்க்கரை போட்ட கலவை வேகுமுன்பே பொன்னிறம்தான்! ஓரத்தில் பழம் குமிழியிடுகிறதா, தூவிய பருக்கைகள் தொட்டால் காய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். சூடாக இருக்கும்போது நடுப்பகுதி தளதளவென்றுதான் இருக்கும். அதை வேகவில்லை என்று நினைத்து மேலும் வைத்தால் ஓரம் கல்லாகும்.

வெளியே எடுத்து இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தபின் தாளோடு தூக்கி வெட்டுங்கள். கத்தியை நேராக அழுத்த வேண்டும், அறுக்கக் கூடாது. 5 செ.மீ. சதுரமாக 16 துண்டு வரும். மூடிய டப்பாவில் வெளியே இரண்டு நாள், ஃப்ரிட்ஜில் ஐந்து நாள் இருக்கும்.

ஓட்ஸ் இருப்பதால் இதை ‘டயட் இனிப்பு’ என்று எழுதுவதும் சரியல்ல. மேலே சொன்ன அளவில் ஒரு துண்டுக்குச் சேர்த்த சர்க்கரை மட்டும் 9 கிராமுக்கு மேல், வெண்ணெய் 7 கிராம். பேரீச்சை போட்டால் ‘சர்க்கரையே இல்லை’ என்றும் எழுதுகிறார்கள். பேரீச்சையின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான்.

கிராம் கணக்கும் தட்டின் அளவும் எந்த மாவு என்பதும் அச்சிட இரண்டு வரி கூடுதலாக ஆகலாம். பக்கத்தில் இடமில்லை என்றால் ‘நாவூறும்’, ‘அசத்தல்’, ‘சூப்பர் ஈஸி’ மூன்றையும் எடுத்துவிடுங்கள். அந்த இடமே போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி