எங்கள் சுவரில் எண் எழுதிய அதிகாரிகளுக்கு

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். எந்த அலுவலகம் என்று எழுதாமல் பொதுவாக ‘அதிகாரிகளுக்கு’ என்று தொடங்குவதற்கு மன்னிக்க வேண்டும். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சிவப்பு பெயிண்டால் எண் எழுதிவிட்டுப் போனவர்கள் எந்த அலுவலகத்தைச் சேர்ந்தவர்கள் என்று பதினான்கு மாதமாக யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஓர் இடத்தில் கேட்டால் அடுத்த இடத்தைக் கைகாட்டுகிறார்கள். அங்கே போனால், “நாங்க அளந்து மட்டும்தாங்க குடுத்தோம்” என்கிறார்கள். கோப்பு உங்களில் யார் மேசையில் இருக்கிறதோ, இந்த மடல் அவருக்கு.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மதுரையில் எங்கள் தெரு முடிகிற இடத்திலிருந்து ரிங் ரோடு வரைக்கும் சாலையை நீட்டப் போகிறீர்கள். அதற்கு எங்கள் இருபதடித் தெரு அறுபதடி ஆக வேண்டுமாம். மேற்கே ஓடுகிற வாய்க்காலை கான்கிரீட் போட்டு மூடிப் பாதி ரோடு, கிழக்கே வீடுகளின் முன்பக்கத்தை எடுத்து மீதி ரோடு. இதுவும் அளக்க வந்த தம்பிகள் டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் சொன்னதுதான். வரைபடத்தை இன்றுவரை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சாலை எங்கள் தெரு வழியாக வேண்டாம். அதைப் பற்றி நீங்கள் பேச வேண்டுமென்றால் வரைபடத்தை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவுக்கே வாருங்கள்.

நான் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். வேலை பார்த்த காலம் முழுக்கக் கதவு எண்ணோடுதான் மாரடித்தேன். பழைய எண், புதிய எண், ‘பை’ போட்ட எண், ‘அ’ ‘ஆ’ ஒட்டிய எண் எல்லாம் பார்த்தவன். எண்ணே இல்லாத வீட்டுக்கும் வேப்பமரத்தை அடையாளம் வைத்து மணியார்டர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். ஆனால் வீடு இருக்கும்போதே அது இல்லை என்று சொல்கிற எண்ணை உங்கள் புண்ணியத்தில்தான் பார்த்தேன். என் வீட்டு எண் 31. நீங்கள் எழுதியது 19. பக்கத்தில் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி ஓர் அம்புக்குறி. அம்பு முடிகிற இடத்தில் எங்கள் சாமி அலமாரி இருக்கிறது.

எழுதியது 2024 அக்டோபரில். அந்த மாதம் 25ஆம் தேதி மதுரையில் கொட்டிய மழை உங்களுக்கு நினைவிருக்கும். செல்லூரிலும் நரிமேட்டிலும் வீட்டுக்குள் தண்ணீர். எங்கள் தெருவில் வாசற்படியோடு நின்றது. காரணம், நீங்கள் மூடப்போவதாகச் சொல்கிற அதே வாய்க்கால். பகல் முழுக்க அது நுரை கக்கிக்கொண்டு ஓடியதை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். அதை மூடிவிட்டால் அடுத்த மழைக்கு அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்க இன்ஜினியர் படிப்பு வேண்டாம். அவ்வளவு மழையிலும் சிவப்பு எண்கள் மட்டும் அழியவில்லை. நல்ல பெயிண்ட். தெரு விளக்குக் கம்பத்துக்கும் இதே பெயிண்டை அடித்திருக்கலாம்.

அந்த எண் எங்களை என்ன செய்கிறது என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

எனக்கு மூன்று வீடு தள்ளி ஒரு குடும்பம். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார், மகள் பி.காம். முடித்திருக்கிறாள். போன ஆவணியில் மேலூர்ப் பக்கமிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாக இருந்தது. ஜாதகம் பொருந்திவிட்டது, போட்டோ பிடித்துவிட்டது. வந்து கேசரி சாப்பிட்டுவிட்டுப் பூ வைக்க வேண்டியதுதான் பாக்கி. முதல் நாள் ராத்திரி அந்த அப்பா என்னிடம் வந்தார். “அண்ணே, அந்த நம்பரு மேல சுண்ணாம்பு அடிச்சிரவா?” என்றார். “அடிச்சா கேஸு போடுவாய்ங்களோ?” என்று அவரே அடுத்ததையும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. கடைசியில் ஒரு வழி பண்ணினார். காலையில் தன் லோடு ஆட்டோவைச் சுவரை ஒட்டி, எண் மறைகிற மாதிரி நிறுத்தினார். அது போதாதென்று அதன் மேல் ஒரு தார்ப்பாயையும் போட்டார்.

பத்தரை மணிக்கு வேன் வந்தது. பதினைந்து பேர் இறங்கினார்கள். எங்கள் தெருவில் வேனைத் திருப்ப முடியாது. டிரைவர் எட்டிப் பார்த்து, “அந்த ஆட்டோவைக் கொஞ்சம் தள்ளிக்கங்க, வேனை ஓரங்கட்டணும்” என்றார். பெண்ணின் அப்பா காதில் விழாதது போல நின்றார். மாப்பிள்ளையின் தாய்மாமன் நல்ல மனிதர், உதவி செய்கிற குணம். “நானே தள்ளுறேன்” என்று போய்த் தள்ளிவிட்டார். 22, அம்புக்குறி, 4.3 மீ.

அவர்கள் சண்டை போடவில்லை. கேசரியைக்கூடச் சாப்பிட்டார்கள். கிளம்பும்போது தாய்மாமன் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “வீட்ட இடிக்கப் போறாங்களாங்கய்யா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். என்னிடம் இருந்த உண்மை அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்துத் தரகர் போனில், “அவுங்க இப்ப பாக்கலையாம்” என்றார். அந்தப் பெண் இன்று வரை அந்தச் சுவர்ப் பக்கம் கோலம் போடுவதில்லை. வாசலின் மறுபக்கமாகத் தள்ளிப் போடுகிறாள்.

தார்ப்பாய் போட்டு மறைத்தது தப்பு என்று நீங்கள் சொல்லலாம். இருக்கட்டும். 2025 மே கடைசியில் முதலமைச்சர் வந்தபோது பந்தல்குடி வாய்க்காலைத் துணி கட்டி மறைத்ததை ஊரே பார்த்தது. ஒரு சாதாரண லோடு ஆட்டோக்காரர் அதைவிட நல்ல யோசனைக்கு எங்கே போவார்?

வேறு வீடுகளின் கதையை நான் நீட்டவில்லை. மாடி எடுக்க வங்கியில் கடன் கேட்டவருக்கு, மதிப்பீட்டுக்கு வந்தவர் சுவரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனதோடு சரி. வாடகைக்கு இருந்த மூன்று குடும்பம் காலி செய்துவிட்டது. இரண்டரை சென்டை விற்கவும் முடியவில்லை, இருக்கிற வீட்டில் ஓர் ஆணி அடிக்கவும் மனசு வரவில்லை. வீட்டு வரி ரசீது மட்டும் தவறாமல் வருகிறது.

நான் சட்டம் படித்தவன் இல்லை. எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு வக்கீல் தம்பி இருக்கிறார், அவர் சொல்லித்தான் எழுதுகிறேன். 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படி நீங்கள் வருவதானால், 11ஆம் பிரிவின் கீழ் முதல்நிலை அறிவிக்கை வர வேண்டும். அரசிதழில் வர வேண்டும், இரண்டு நாளிதழில் வர வேண்டும். அதிலிருந்து 60 நாளுக்குள் நாங்கள் ஆட்சேபணை சொல்ல 15ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. இல்லை, 2001ஆம் ஆண்டு தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டப்படி வருகிறோம் என்றால் அதிலும் 15ஆம் பிரிவு உண்டு. இடத்தை ஏன் எடுக்கக் கூடாது என்று சொந்தக்காரரிடம் முதலில் கேட்க வேண்டும் என்கிறது அது. இரண்டு சட்டத்தையும் தம்பி புரட்டிப் பார்த்துவிட்டார். பெயிண்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லையாம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் வரைபடம் கேட்டு மனு போட்டோம். 30 நாளில் பதில் தர வேண்டும். 52ஆம் நாள் வந்தது. “தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.” நாங்கள் கோரிக்கை வைக்கவில்லை ஐயா, தகவல் கேட்டோம். கடிதங்களை வீடு வீடாகச் சேர்த்துக் காலம் தள்ளியவனுக்கு ஒரு கடிதம் காலியாக வருவதன் வலி கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். வார்டு மக்கள் தங்கள் குறைகளைப் பேசுகிற பகுதி சபைக் கூட்டத்திலும் கேட்டுப் பார்த்தோம். 2022 நவம்பர் 1இல் உள்ளாட்சி தினத்தன்று முதன்முதலாக அந்தக் கூட்டம் போட்டபோது எங்கள் தெருப் பெண்கள் வரிசையாக நாற்காலி பிடித்து உட்கார்ந்தார்கள், இனி நம் தெரு சங்கதியை நாமே பேசலாம் என்று. நாய்த் தொல்லையைப் பேசினோம், குறித்துக்கொண்டார்கள். குப்பை வண்டியைப் பேசினோம், குறித்துக்கொண்டார்கள். பின்னால் ஒரு கூட்டத்தில் ரோட்டைப் பற்றி வாயெடுத்தபோது, “அது இங்க வராதுங்க” என்று பேனாவை மூடிவிட்டார்கள். எங்கள் வீட்டு வாசல் எங்கள் பகுதி சபையில் வராதென்றால் வேறு எங்கே வரும்?

சரி, இந்தச் சாலையால் என்ன லாபம்? ரிங் ரோட்டிலிருந்து அண்ணா நகர்ப் பக்கம் வர ஏழு நிமிடம் மிச்சமாகுமாம், இதுவும் டீக்கடைத் தகவல்தான். மிச்சம் பிடித்த ஏழு நிமிடத்தோடு வண்டிகள் வந்து சேரப்போவது 80 அடி ரோட்டில். அந்த 80 அடியில் எத்தனை அடி ரோடு என்று ஒரு சாயங்காலம் டேப்பைப் பிடித்துப் பாருங்கள். இருபுறமும் கார் நிற்கிறது, காருக்கு முன்னால் தள்ளுவண்டி, தள்ளுவண்டிக்கு முன்னால் வாங்க வந்தவர்களின் பைக். நடுவில் மிஞ்சுவது எங்கள் தெருவை விடக் கொஞ்சம்தான் அகலம். 120 அடி ரோட்டின் கதையும் அதுவே. இருக்கிற அடியை மீட்காமல் புது அடி தேடி எங்கள் சாமி அலமாரி வரைக்கும் வருகிறீர்கள். இதில் கோபம் வராமல் இருக்க நாங்கள் என்ன சித்தர்களா?

எங்களை வளர்ச்சிக்கு எதிரி என்று யாரோ உங்கள் காதில் ஓதியிருப்பார்கள். நத்தம் ரோட்டில் 7 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் பாலம் கட்டினார்கள், வருடக்கணக்கில் தூசியைத் தின்றுகொண்டு காத்திருந்தோம். கோரிப்பாளையத்தில் பாலம் வேலை தொடங்கியபோதும் சுற்றிப் போனோம். அட, ரோடு போட்ட அதிகாரிக்கு நினைவுச்சின்னமே வைத்த ஊர் இது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை வெளியே விரித்தார். சுவரை இடித்து அகழியை மூடியவர்களுக்கே அந்த இடத்தைக் கொடுத்தார் என்று சொல்வார்கள். அளந்த மாரட் பெயரில் ஒரு வீதி, வேலை பார்த்த பெருமாள் மேஸ்திரி பெயரில் ஒரு வீதி. கலெக்டருக்கு நன்றியாக மக்கள் நட்டதுதான் விளக்குத்தூண். அதன் பக்கத்தில் ஜவுளி வாங்குகிற பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரியாது, அது வேறு. அவர் இடித்தது கோட்டைச் சுவர். இடித்தவர்களுக்கு இடம் கொடுத்தார். நீங்கள் எடுக்கப்போவது லோடு ஆட்டோக்காரர் வீட்டுத் திண்ணை. கொடுப்பது என்ன என்று இன்னும் வாய் திறக்கவில்லை.

எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். வயதான தபால்காரன், வழியில் நின்று பேசிப் பழகிவிட்டது.

மாற்று வழி இல்லாமல் நாங்கள் பேசவில்லை. குடியிருப்புக்குக் கிழக்கே பழைய வண்டிப்பாதை ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் செங்கல் வண்டி போனது, இப்போது கருவேலம் மண்டிக் கிடக்கிறது. பெரும்பகுதி புறம்போக்கு. அதன் வழியாகப் போனால் சாலை கொஞ்சம் சுற்றும், மிச்சமாகிற ஏழு நிமிடத்தில் இரண்டு நிமிடம் குறையலாம். ஆனால் ஒரு வீடும் போகாது, வாய்க்காலும் திறந்தே இருக்கும். அந்தப் பாதையை ஒரு தடவை நடந்து பாருங்கள். நானே கூட வருகிறேன், முட்டியில் வலி இருந்தாலும்.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தெரு வழியாக இந்தச் சாலை வேண்டாம். முடிவு எடுக்கும் முன் வரைபடத்தோடு வாருங்கள், எந்தச் சட்டத்தின்படி வருகிறீர்கள் என்பதை எழுத்தில் கொண்டு வாருங்கள். எந்த நாள் என்றாலும் சரி. பிள்ளையார் கோயில் முன்னால் நாற்காலி போட்டு வைக்கிறோம், டீ எங்கள் செலவு. யாரும் கூச்சல் போடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். மார்கழி பிறந்துவிட்டது, பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும். போன பொங்கலுக்கு எங்கள் தெருவில் எல்லோரும் அந்த எண்ணைச் சுற்றி விட்டுவிட்டு அடித்தோம். வெள்ளைச் சுவரில் அது இன்னும் எடுப்பாகத் தெரிந்ததுதான் மிச்சம். லோடு ஆட்டோக்காரர் வீட்டுக்குத் தை மாதம் வேறொரு வரன் வருவதாக இருக்கிறது. எண்ணின் மேல் சுண்ணாம்பு அடிக்கலாமா, கூடாதா? இந்த ஒன்றுக்காவது போகிக்கு முன்னால் பதில் போடுங்கள். சாதாரணத் தபால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
எண் 31 (உங்கள் கணக்கில் 19) வீட்டுக்காரர்,
தெருவின் 43 குடும்பங்கள் சார்பாக