தொட்டி மல்லிகைக்குக் கவாத்து கட்டாயம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொட்டியில் வைத்த குண்டுமல்லி முதல் ஆண்டு நன்றாகப் பூத்துவிட்டு, மறு ஆண்டு வெறும் இலையும் கொடியுமாக நிற்கிறது என்ற புலம்பலை மாடித்தோட்டக்காரர்களிடம் ஓயாமல் கேட்கிறோம். உரம் போதவில்லை என்று நினைத்து யூரியாவை அள்ளிப் போடுகிறார்கள். தழைச்சத்து கூடினால் இலைதான் பெருகும். பெரும்பாலும் குறை கவாத்து செய்யாததில்தான், அதாவது கிளைகளை வெட்டிவிடாததில்தான் இருக்கிறது. மல்லிகை புதிதாக விடும் தளிரில்தான் மொட்டு வைக்கும்.

வயல் மல்லிகையை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு வெட்டச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். தொட்டிச் செடிக்கு ஒன்றேகால் அடி விட்டாலே போதும். சென்னை, கடலூர் பக்கம் மழை ஓயும்வரை பொறுத்து வெட்டுவதே நல்லது. ஈரத்தில் வெட்டினால் வெட்டுவாயில் பூஞ்சாணம் புகுந்து கிளை காயும். ஒரு வாரம் முன்பே தண்ணீரைக் குறைத்துவிட வேண்டும். காய்ந்ததையும், மெலிந்ததையும், ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும் அடியோடு எடுத்துவிட்டு, மற்றவற்றைக் கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டி, இலைகளை உருவிவிடலாம். செடி மொட்டையாக நிற்பதைப் பார்க்க மனம் கேட்காதுதான். ஆனால் இரக்கப்பட்டு நுனியை மட்டும் கிள்ளினால், அடுத்த கோடையிலும் இலைதான்.

பிறகு மேல்மண்ணை 2 அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, மட்கிய தொழுவுரம் இரண்டு கை, வேப்பம்பிண்ணாக்கு ஒரு பிடி, எலும்புத்தூள் ஒரு கரண்டி கலந்து நிரப்ப வேண்டும். தளிர் விட்டதும் வழக்கம்போல் தண்ணீர் ஊற்றலாம். மார்ச் வாக்கில் மொட்டு வரும். ஒவ்வொரு பூப்பு முடிந்ததும் பூத்த நுனிகளை 2 அங்குலம் கிள்ளிவிட்டால் அடுத்த சுற்றுக்குத் தளிர் வரும். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் எத்தனை உரம் போட்டாலும் பூக்காது.

கோடையில் தளத்தின் சூடு வேரைத் தாக்காமல் தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். மழைக்காலத்தில் அடித்தட்டை எடுத்துவிடுங்கள். தென்னைநார்க் கழிவு அதிகம் கலந்த மண் ஈரத்தைப் பிடித்துவைத்து வேரை அழுகவைக்கும்.

இலை மஞ்சளாவதையும் கவனித்துப் பார்க்க வேண்டும். முழு இலையும் ஒரே சீராக மஞ்சளானால் முதலில் ஈரத்தைச் சோதியுங்கள். பெரும்பாலும் தண்ணீர் தேங்கியிருக்கும். இளம் இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி வெளுத்தும் இருந்தால் இரும்புச்சத்துக் குறை. உப்பு மிகுந்த போர்த் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது சகஜம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, இலை பச்சையாகும்வரை மாதம் ஒரு முறை மாலையில் தெளிக்கலாம்.

மொட்டு ஊதா நிறமாகி உதிர்ந்தால் மொட்டு ஈயின் வேலை. ஓட்டை விழுந்திருந்தால் மொட்டுப்புழு. அந்த மொட்டுகளைப் பறித்துத் தொட்டியிலேயே போடாதீர்கள். ஈயின் புழு மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழுவாகிறது. பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். தலையில் வைக்கும் பூ என்பதால் கடும் பூச்சிமருந்து வேண்டாம். லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து, பறித்து முடித்த பிறகு தெளித்தால் போதும்.

செடி விற்கும் நர்சரிக்காரர்கள் கவாத்து மாதத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். தங்கள் நாளிதழும் ஆண்டுதோறும் நவம்பரில் இதை வாசகர்களுக்கு நினைவூட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மாடித்தோட்ட ஆர்வலர்கள்,
மதுரை.