காசிமேட்டு டீக்கடை அண்ணனுக்கும், கூட நின்றவர்களுக்கும்

அண்ணே, வணக்கம்.

எங்கள் பிள்ளை உங்கள் கடையில் தள்ளாடி நின்று ஆஸ்பத்திரிக்குப் போனது ஏரியாவுக்கே தெரியும், திரும்பக் கிளற வேண்டாம். பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டான், சோறு இறங்குகிறது. நீங்கள் செய்ததை நாலு பேர் அறியச் சொல்லத்தான் இந்த மடல்.

கை உதறி, நாக்கு குழறி, கால் பின்ன ஒருத்தன் வந்தால் துறைமுகத்தில் என்ன சொல்வார்கள்? 'காலையிலேயே போட்டுட்டான்.' நீங்கள் கிட்டப் போய் மோந்து பார்த்தீர்கள். வாடை இல்லை. டீ பாதி கீழே கொட்டியிருந்தது. 'இன்னா மாத்திர துன்ற?' என்று கேட்டு, சட்டைப் பையிலிருந்த ரெண்டு அட்டையையும் எடுத்து ஆட்டோ தம்பியிடம் கொடுத்து, 'டாக்டராண்ட இத்த காட்டு' என்றீர்கள். ஒன்று மனநிலை சீராக இருக்கப் போடும் லித்தியம், இன்னொன்று உடம்பு வலிக்கு வாங்கிய டைக்ளோஃபினாக். அட்டையைப் பார்த்த பிறகுதான் லித்தியம் அளவைச் சோதித்தார்கள்.

டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் என்ற வலி மாத்திரைகள் இரண்டுமே லித்தியம் சிறுநீரில் வெளியேறுவதைக் குறைத்துவிடும். வெயிலில் மீன் பெட்டி தூக்கி வேர்த்தால் உடம்பில் உப்பும் தண்ணீரும் குறையும். உப்பைக் காப்பாற்றப் பார்க்கும் சிறுநீரகம் லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்து வைக்கும். ரத்தத்தில் லித்தியம் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. தினம் போடும் அளவையே போட்டாலும் இது நடக்கும். விரல் லேசாக நடுங்குவது சகஜம்தான். கை உதறலோடு வாந்தி, பேதி, தள்ளாட்டம் சேர்ந்தால் அடுத்த வேளை லித்தியத்தைப் போடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காசு வாங்காத ஆட்டோ தம்பிக்கு நன்றி. லித்தியம் அளவு பார்க்க, கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும். விடியற்காலை ஏலத்துக்குப் போகிறவன் காலை 8 மணிக்கு எப்படி வருவான்? வேலை முடிவது 10 மணி என்று கேட்டு, முந்தின ராத்திரி மாத்திரையை 10 மணிக்குப் போடச் சொன்ன லேப் சிஸ்டருக்கும் நன்றி. கோயில் பூசாரி ஐயா, 'ஆடி மாசம் உப்பில்லா விரதம் ஒனக்கு வேணாம், உப்புப் போட்ட கூழே போதும், ஆத்தா கோச்சுக்க மாட்டா' என்றீர்களே! நாங்கள் சொன்னபோது அவன் காதில் ஏறாதது அது.

லித்தியம் சாப்பிடுபவர்கள் வலி மாத்திரை கேட்டால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம் என்று ஒரு சீட்டு அச்சடித்து, ஆடிக்கு முன்னால் இந்தப் பக்கத்து மெடிக்கல் ஷாப் எல்லாவற்றுக்கும் கொடுக்கப் போகிறோம். கீழே அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண்ணும் இருக்கும்: 14416. எந்நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை. முதல் சீட்டு உங்கள் கடைக்குத்தான் அண்ணே, கல்லா பக்கத்தில் ஒட்ட இடம் விட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
பிள்ளையின் வீட்டார், தெருக்காரர்கள்